ரெக்ரூட்டர் கூப்பிடுகிறார், என்ன பேசுவது? வாசகர் கேள்வி-பதில்

போன முறை இந்தப் பகுதியில், நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் வேலைக்கான கேஸ் இன்டர்வியூ பற்றி, அதாவது ஒரு தொழில் சிக்கலைக் கொடுத்து அலசச் சொல்லும் நேர்முகம் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேஸைப் பற்றியே கேட்கவில்லை, அதற்கு முன்னால் வரும் அந்த முதல் போனைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். ஒன்பது வருடம் அந்தப் போனின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவள் நான். அதனால் இந்த முறை முழுக்க அதுவே. முதலில் வாசகர் கேள்வி, அதன் கீழே என் பதில்.

வங்கியில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு கன்சல்டிங் நிறுவனத்துக்கு விண்ணப்பித்ததில், "அடுத்த வாரம் எங்கள் ரெக்ரூட்டர் உங்களுடன் 30 நிமிடம் பேசுவார்" என்று மெயில் வந்திருக்கிறது. ராத்திரி பகலாக கேஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தப் போனில் என்னதான் கேட்பார்கள்?

கேஸை இரண்டு நாள் ஓரமாக வையுங்கள். உங்களுடன் பேசப்போகிறவர் கன்சல்டன்ட் இல்லை, ஆள் எடுக்கும் பிரிவைச் சேர்ந்தவர். லாபம் ஏன் குறைந்தது என்று உங்களை அலச வைப்பது அவர் வேலை இல்லை. அதற்குப் பின்னால் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகும். முதலில் தன்னைப் பற்றியும் அந்த வேலையைப் பற்றியும் இரண்டு நிமிடம் சொல்வார். அப்புறம் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். ரெஸ்யூமேயில் ஒன்றிரண்டு இடத்தில் நிறுத்தி விவரம் கேட்பார். ஏன் கன்சல்டிங், ஏன் எங்கள் நிறுவனம் என்பது கட்டாயம் வரும். அதன்பிறகு கடகடவென்று சில சரிபார்ப்புக் கேள்விகள்: எந்த ஊர் அலுவலகம் வேண்டும், வாரத்தில் மூன்று நான்கு நாள் கிளையன்ட் இருக்கும் இடத்துக்குப் போய் வர முடியுமா, அந்த நாட்டில் வேலை செய்ய விசா இருக்கிறதா, நோட்டீஸ் பீரியட் எவ்வளவு, சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், வேறு எங்காவது இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறதா. கடைசி ஐந்து நிமிடம் உங்கள் கேள்விகளுக்கு. இவ்வளவுதான்.

இதில் தேர்வு எங்கே நடக்கிறது என்று கேட்டால், நான் போனை வைத்த பிறகு என்ன செய்வேன் என்பதைச் சொல்கிறேன், புரிந்துவிடும். அடுத்த போனுக்கு நாலைந்து நிமிடம்தான் இருக்கும். அதற்குள் திரையில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தில் மூன்று நான்கு வரி அடித்து வைக்க வேண்டும். ஒருவரைப் பற்றி இப்படி அடித்திருப்பேன்: "வங்கி, கடன் பிரிவு, மூன்று வருடம். கடன் விண்ணப்பம் எங்கே தேங்குகிறது என்று தானாகவே தேடிப் பார்த்து, 11 நாள் ஆன வேலையை 6 நாளாக்கியவர். பயணத்துக்குச் சம்மதம். இரண்டு மாத நோட்டீஸ்." இன்னொருவரைப் பற்றி இப்படி: "நன்றாகப் பேசினார். கடின உழைப்பாளி. ஆர்வம் இருக்கிறது." அடுத்த சுற்றுக்கு யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்யும் மேனேஜர் உங்கள் குரலைக் கேட்கப்போவதில்லை. அந்த வரிகளைத்தான் படிப்பார். இரண்டாவது மாதிரிக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவருக்காக நான் எவ்வளவு வாதாடினாலும் எடுபட்டதில்லை. அந்த மனிதர் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருந்திருக்கலாம், ஆனால் அதை எடுத்துச் சொல்ல என் கையில் ஒன்றும் இல்லை.

ஆகவே உங்கள் அறிமுகத்தைத் தயார் செய்யும்போது, "இதைக் கேட்டு அவர் என்ன எழுதிக்கொள்வார்" என்று மட்டும் யோசியுங்கள். ஒன்றரை நிமிடம் போதும். பள்ளிப் படிப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். இப்போது என்ன செய்கிறீர்கள், அதில் நீங்களே முன்கை எடுத்துச் செய்தது என்ன, அதனால் எந்த எண் எவ்வளவு மாறியது, இப்போது ஏன் இந்தப் பக்கம் வர நினைக்கிறீர்கள். "நாங்கள் செய்தோம், எங்கள் டீம் செய்தது" என்றே சொல்லிக்கொண்டு போகாதீர்கள். அடக்கமாகப் பேச வேண்டும் என்று வளர்ந்தவர்களுக்கு "நான் செய்தேன்" என்பது வாயில் வராது, எனக்குத் தெரியும். ஆனால் பத்துப் பேர் டீமில் உங்கள் பங்கு எது என்று நீங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

இன்னொரு விஷயம். கன்சல்டிங்கில் பதிலை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தைப் பிறகு சொல்லும் பழக்கம் ரொம்ப முக்கியம். மெக்கின்சி என்ற கன்சல்டிங் நிறுவனத்தில் வேலை பார்த்த பார்பரா மின்டோ இந்த முறையை ஒழுங்குபடுத்திச் சொல்லிக்கொடுத்தார், இன்று வரை பல நிறுவனங்களில் அது ஓடுகிறது. ரெக்ரூட்டருக்கும் இது காதில் பழகிப்போன ஒன்று. "பயணம் செய்ய முடியுமா?" என்று கேட்டால் வீட்டுச் சூழ்நிலையில் ஆரம்பித்துச் சுற்றி வராமல், "முடியும், வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டில் இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டு, காரணத்தை அடுத்த வாக்கியத்தில் வையுங்கள்.

அக்கா, ஏன் கன்சல்டிங் என்று கேட்டால் என்ன சொல்வது? மனசைத் தொட்டுச் சொன்னால் சம்பளமும் அந்தப் பெயரும்தான் காரணம். அதைச் சொல்ல முடியாதே. ஏன் எங்கள் நிறுவனம் என்பதற்கும் இணையத்தில் படித்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி, சம்பளத்துக்கு ஆசைப்படுவது தப்பே இல்லை, ரெக்ரூட்டருக்கும் அது தெரியும். அவருடைய கவலை வேறு. இந்த வேலையில் நேரம் காலம் கிடையாது, புராஜெக்ட்டுக்கு ஒரு தொழில், ஊர் ஊராகப் போக வேண்டும். இதெல்லாம் தெரிந்துதான் வருகிறாரா, இல்லை ஆறு மாதத்தில் பெட்டியைக் கட்டிவிடுவாரா? அந்தச் சந்தேகத்தைத்தான் அப்படிக் கேட்கிறார். "சவால்கள் பிடிக்கும், கற்றுக்கொள்ள நிறைய வாய்ப்பு" என்ற பதில் அந்தச் சந்தேகத்தைத் தொடவே தொடாது. ஒரு நாளில் ஆறு போன் பேசினால் ஆறு பேரும் அதையே சொல்வார்கள்.

உங்களுக்கே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதுவரை செய்த வேலையில், யாரும் கேட்காமலே நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்து செய்தது எது? மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்த ஒருவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "தப்பைக் கண்டுபிடித்து எழுதிக்கொடுப்பது என் வேலை. ஆனால் ஒரே தப்பு ஏன் மாதாமாதம் வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு கணினியில் இல்லை, இரண்டு பிரிவுகள் ஒரே வார்த்தைக்கு வேறு வேறு அர்த்தம் வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து எனக்கு இந்த மாதிரி வேலைதான் வேண்டும் என்று தோன்றுகிறது." கன்சல்டிங் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை, நான் அப்படியே எழுதி அனுப்பினேன். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஏன் எங்கள் நிறுவனம் என்பதற்கு வருவோம். மெக்கின்சி 1926, பிசிஜி 1963, பெயின் 1973 என்று ஆரம்பித்த வருடங்களை ஒப்பிப்பதால் ஒன்றும் ஆகாது, அது அவர்கள் வரவேற்பறையிலேயே இருக்கும். அதைவிட உபயோகமானது, நீங்கள் விண்ணப்பித்திருப்பது எந்தப் பிரிவுக்கு என்று சரியாகத் தெரிந்து வைத்துக்கொள்வது. பெரிய தணிக்கை நிறுவனங்களில் இது ரொம்பவே முக்கியம், ஏனென்றால் ஒரே பெயர்ப்பலகைக்குள் பல வீடுகள் இருக்கின்றன. டெலாய்ட்டுக்குள் மானிட்டர் டெலாய்ட் இருக்கிறது, பிடபிள்யூசி 2014-ல் பூஸ் நிறுவனத்தை வாங்கி ஸ்ட்ராட்டஜி-அண்ட் என்று பெயர் வைத்தது, அதே வருடம் இஒய் பார்த்தெனானை வாங்கியது. வியூகம் வகுக்கும் இந்தப் பிரிவுகளும், பக்கத்திலேயே இருக்கும் தொழில்நுட்பம், வரி, இடர் மேலாண்மைப் பிரிவுகளும் அன்றாட வேலையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. மென்பொருளை நிறுவித் தரும் பிரிவுக்கு விண்ணப்பித்துவிட்டு, "நிறுவனங்களின் தலைவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஆசை" என்று பேசியவர்கள் எத்தனையோ பேர். பாவமாக இருக்கும், ஆனால் அந்த இடத்திலேயே போன் முடிந்த மாதிரிதான்.

முடிந்தால் அந்தப் பிரிவில் வேலை செய்யும் ஒருவரிடம் பதினைந்து நிமிடம் பேசிப் பாருங்கள். "உங்கள் சில்லறை வணிகப் பிரிவில் இருப்பவரிடம் பேசினேன், புராஜெக்ட் முடிந்த பிறகும் கடையில் நின்று பார்ப்போம் என்றார், அது எனக்குப் பிடித்தது" என்ற ஒரு வரி, அவர்களுடைய இணையதளம் முழுவதையும் படித்து ஒப்பிப்பதைவிட மேல்.

எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் நான் முதலில் எண்ணைச் சொல்லலாமா? குறைத்துச் சொல்லி ஏமாந்துவிடுவேனோ, கூட்டிச் சொல்லி வாய்ப்பை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் நீங்கள் கேளுங்கள். "இந்தப் பொறுப்புக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால், விசாரித்து வைத்திருக்கும் ஒரு வரம்பைச் சொல்லுங்கள், அதில் கீழ் எண்ணே உங்களுக்குச் சம்மதமானதாக இருக்கட்டும்.

பெரிய நிறுவனங்களில் ஆரம்ப நிலைகளுக்குச் சம்பளம் ஏற்கெனவே நிர்ணயித்ததுதான், பேரம் பேச அதிகம் இடமில்லை. அனுபவத்தோடு வருபவர்கள் சம்பளத்தைவிடக் கவனமாகக் கேட்க வேண்டியது எந்த நிலையில் எடுக்கிறார்கள் என்பதை. ஏழு வருட அனுபவத்தை இரண்டு வருடமாகக் கணக்கிட்டு ஒரு படி கீழே எடுத்தால், அது சம்பளத்தில் மட்டும் நிற்காது, அடுத்த பதவி உயர்வு வரைக்கும் இழுக்கும். இதை முதல் போனிலேயே கேட்டுவிடலாம்.

இப்போது வாங்கும் சம்பளத்தைக் கேட்டால்? சில இடங்களில் அப்படிக் கேட்பதே சட்டப்படி கூடாது. கலிபோர்னியாவில் 2018 ஜனவரியிலிருந்து அப்படித்தான். மற்ற இடங்களில் கேட்பார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் எதிர்பார்ப்பை மட்டும் சொல்லுங்கள். சொல்வதாக இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், பின்னால் சம்பளச் சீட்டு கேட்டால் என்ன செய்வீர்கள்?

முன்னறிவிப்பே இல்லாமல் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே பேசினேன், ஒன்றும் சரியாக வரவில்லை.

"இப்போது வெளியே இருக்கிறேன், ஒரு மணி நேரம் கழித்து நானே கூப்பிடட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டவர் யாரையும் நான் குறைத்து எழுதியதில்லை, சொல்லப்போனால் எனக்கும் அதுதான் வசதி, இரைச்சலில் பேசுபவர் சொல்வதைப் பாதிதான் எழுத முடியும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள், கூப்பிட்டவர் பெயர், நிறுவனம், எந்த வேலை என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு வையுங்கள். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. நீங்கள் சரியாகச் சொல்ல முடியாமல் போன ஒரு பதிலை மட்டும் நாலு வரியில் மெயிலாக அனுப்புங்கள்.

முதல் போனில் கேஸ் வரவே வராதா? என் நண்பனிடம் ஏதோ கணக்குக் கேட்டார்களாம்.

வராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் இருக்காது. சில சிறிய நிறுவனங்களில் முதல் போனையே ஒரு கன்சல்டன்ட் பேசுவார், அப்போது குட்டிக் கேஸ் ஒன்று வரலாம். சில ரெக்ரூட்டர்கள், எண்ணைக் கண்டு மிரள்கிறாரா என்று பார்க்க ஒரு சின்ன மதிப்பீட்டுக் கணக்கைக் கேட்பார்கள். மெயிலில் தேதி குறிக்கும்போதே, "பேச்சில் கேஸ் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டுவிடுங்கள், தாராளமாகச் சொல்வார்கள்.

எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று செய்து பார்ப்போம். 60 லட்சம் பேர் இருக்கும் நகரத்தில் வருடத்துக்கு எத்தனை மூக்குக்கண்ணாடி விற்கும்? சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லாதீர்கள். "வயது வாரியாகப் பிரித்துக்கொள்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 20 வயதுக்குக் கீழே 20 லட்சம் பேர், அதில் ஐந்தில் ஒருவர் போடுவதாக வைத்தால் 4 லட்சம். 20-லிருந்து 45 வரை 25 லட்சம், நூற்றுக்கு 40 பேர் என்றால் 10 லட்சம். அதற்கு மேல் 15 லட்சம், நூற்றுக்கு 80 பேர், 12 லட்சம். மொத்தம் 26 லட்சம் பேர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள் என்றால் வருடத்துக்கு 13 லட்சம். இதோடு நிறுத்தாமல், "நாளைக்கு ஏறக்குறைய 3,500 கண்ணாடி, நகரத்தில் ஆயிரம் கடை இருந்தால் ஒரு கடைக்கு மூன்று நான்கு, நம்பும்படி இருக்கிறது" என்று ஒரு தடவை உரசியும் பாருங்கள். நான் வைத்த சதவீதங்கள் எல்லாம் அனுமானம்தான், நீங்கள் வேறு வைக்கலாம். அனுமானம் என்று சொல்லிவிட்டு வைப்பதும், கடைசியில் திரும்பிப் பார்ப்பதும்தான் அவர் காதுக்கு வேண்டியது.

இதைத் தாண்டிய பிறகு வருபவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மெக்கின்சியில் சால்வ் என்ற கணினி விளையாட்டு மாதிரியான தேர்வு, பிசிஜியில் பல இடங்களில் சாட்பாட் கேட்கும் கேஸ், அதற்குப் பிறகு நேர்முக கேஸ் சுற்றுகள். உங்களுக்கு எது என்பதை அந்தப் போனிலேயே ரெக்ரூட்டரிடம் கேளுங்கள், எத்தனை சுற்று, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் சேர்த்து. எப்படித் தயாராவது என்று கேட்டாலும் சொல்வார், பல நிறுவனங்கள் மாதிரிக் கேஸ்களே தருகின்றன. நீங்கள் ஜெயித்தால் அவருக்கும் நல்லதுதானே.

ஆட்குறைப்பில் வேலை போய் பதினான்கு மாதம் ஆகிறது. இதைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஆட்குறைப்பில் போனது உங்கள் தவறு இல்லை, ரெக்ரூட்டர்கள் அதை வாரத்துக்குப் பத்து முறை கேட்கிறார்கள். பதிலை மூன்று வாக்கியமாக எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "எங்கள் பிரிவையே மூடினார்கள், நாற்பது பேரில் நானும் ஒருவன். இடையில் ஒரு சிறு தொழிற்சாலைக்குச் சரக்கு இருப்புக் கணக்கை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். இப்போது உடனே சேர முடியும்." முடிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அந்த மௌனம் ஐந்து விநாடி நீண்டாலும் பயப்பட வேண்டாம், அவர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஒருவர் 30 நிமிடத்தில் ஒன்பது நிமிடம் தன் பழைய மேனேஜரைப் பற்றியே குறை சொன்னார். சொன்னதெல்லாம் நியாயமாகவே இருந்திருக்கும். ஆனால் என் கட்டத்தில் அவருடைய வேலையைப் பற்றி எழுத ஒரு வரிகூட மிஞ்சவில்லை, அது எனக்கு இன்றைக்கும் வருத்தம். தேதிகளை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஆஃபருக்குப் பிறகு பின்னணிச் சரிபார்ப்பு இருக்கிறது, ஒரு மாத வித்தியாசம்கூட ஆஃபரைத் திரும்ப வாங்க வைத்துவிடலாம்.

கூப்பிட்டவர் கன்சல்டிங் நிறுவனத்தைச் சேர்ந்தவர் இல்லை, ஏஜென்சி என்கிறார். நம்பலாமா?

நம்பலாம், அது வழக்கம்தான். அவருக்கு நிறுவனம் பணம் கொடுக்கும், பெரும்பாலும் நீங்கள் சேரும் சம்பளத்தைக் கணக்கில் வைத்து ஒரு தொகை. உங்களிடம் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று ஒரு காசு கேட்டாலும் போனை வைத்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் ரெஸ்யூமேயை அனுப்பக் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள், நீங்கள் நேரடியாக விண்ணப்பித்த இடத்துக்கே அவரும் அனுப்பிவிட்டால் யார் மூலம் வந்தீர்கள் என்ற சிக்கல் வரும்.

போன் பேசி பன்னிரண்டு நாள் ஆயிற்று. நன்றாகத்தான் போனது. "விரைவில் சொல்கிறோம்" என்றார், சத்தமே இல்லை. திரும்பக் கேட்டால் அவசரப்படுகிறேன் என்று நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள். பன்னிரண்டு நாள் என்பது உங்களுக்கு நீளம், அந்தப் பக்கம் அது ஒரு மேனேஜர் ஊரில் இல்லாத இரண்டு வாரம். நான் மூன்று முறை நினைவூட்டியும் மேனேஜர் பட்டியலைப் பார்க்காத வாரங்கள் உண்டு, புராஜெக்ட் கையை விட்டுப் போய் அந்த வேலையே நிறுத்தி வைக்கப்பட்டதும் உண்டு. அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு அனுமதி இருக்காது, அதனால்தான் "விரைவில்" என்றேன். எதிர்முனையில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே அப்படிச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கும்.

சின்னதாக ஒரு மெயில் போடுங்கள். எந்தத் தேதியில் எந்த வேலைக்காகப் பேசினீர்கள், அடுத்த கட்டம் எப்போது தெரியும், அவ்வளவுதான். வேறு இடத்திலிருந்து ஆஃபர் வந்து பதில் சொல்லக் கெடு இருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள், பட்டியலைச் சட்டென்று நகர்த்த வைப்பது அதுதான். ஆனால் இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள், "சரி, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வாரம் பாருங்கள், இன்னொரு மெயில் போடுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் இந்த முறை இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். எப்போது மறுபடி விண்ணப்பிக்கலாம் என்பதை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் சுற்றுவரை போய்த் தோற்றவர்களைப் பல நிறுவனங்கள் ஒரு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்கச் சொல்லும், முதல் போனோடு நின்றவர்களுக்கு அந்தக் கெடு பல இடங்களில் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. அடுத்த முறை போனை வைப்பதற்கு முன்னால், "எந்தத் தேதிக்குள் தெரியும், அதற்குப் பிறகு நான் ஒரு மெயில் போடலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.